தாடிக்காரர் இறங்கிய கப்பல்

"மீனா, நான் எறங்கட்டுமா?"

வாக்கி-டாக்கியில் என் கணவரின் குரல் கரகரவென்று வந்தது. மலேசியாவின் கிழக்குக் கரையில், மெர்சிங் பக்கத்தில் ஒரு மீனவக் கம்பம், சின்னக் கிராமம். படகுத்துறையை ஒட்டிய சாப்பாட்டுக் கடையில் நான் உட்கார்ந்திருந்தேன். மேசைமேல் பாதி குடித்த தே ஓ, பாலில்லாத தேநீர். எதிரில் மூன்று வயது மகள் யாழினி, கெரோப்போக் மீன் அப்பளத்தைச் சாந்தில் முக்கி முக்கிச் சாந்தை மட்டும் நக்கிக்கொண்டிருந்தாள். வயிற்றில் இன்னொன்று, ஆறாவது மாதம்.

வாக்கி கடைக்காரம்மாளுடையது. மலாய்க்காரர், எல்லோரும் அவரை மாக் சூ என்று கூப்பிடுவார்கள். அவருடைய கணவர் பாக் மாட்டின் படகில்தான் என் கணவர் தேவா, கூட வேலை செய்யும் லிம்மோடு, அன்று காலை கடலுக்குப் போயிருந்தார்.

"கேக்குதா மீனா? லிம்மோட எறங்க வேண்டிய ஆளுக்குக் காது அடைச்சுக்கிச்சு. தனியா யாரும் எறங்கக் கூடாது. என்னை விட்டா வேற ஆள் இல்ல. நீ சொல்லு."

பேசுவதற்குப் பக்கவாட்டில் இருந்த பொத்தானை அமுக்க வேண்டும். என் விரல் அதன்மேல்தான் இருந்தது. நான் அமுக்கவில்லை.

கடையிலிருந்து பார்த்தால் கடல் பளபளவென்று ஒன்றுமறியாததுபோல் கிடந்தது. அதன் அடியில் ஒரு போர்க்கப்பல் இருக்கிறது. கப்பலின் பெயரையோ சரியான இடத்தையோ இங்கே எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

முகம் தெரியாத தண்ணீர்

என் வகுப்பறை நினைவுகளைப் போன வாரம் படித்த வாசகி ஒருவர், "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை செய்யறாரு?" என்று கேட்டு எழுதியிருந்தார். என் அம்மாவுக்கே இதை விளக்க எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது.

தேவா முக்குளிப்பாளர். முத்து எடுப்பதில்லை. பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் அடிவயிற்றைச் சுரண்டுவார், கப்பலைத் தள்ளும் விசிறியில் சிக்கிய வடத்தை அறுப்பார், தண்ணீருக்குள்ளேயே இரும்பைப் பற்றவைத்து ஒட்டுவார். துறைமுகத் தண்ணீரில் நீட்டிய கை தெரியாது என்பார். தடவித் தடவித்தான் வேலை. வீட்டில் மின்சாரம் போனால் மெழுகுவத்தி தேடி எடுப்பவர் அவர்தான்.

நான் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். எதையும் நிரூபித்துக் காட்டு என்று மாணவர்களிடம் கேட்கிறவள். அதே நான், யாழினி தும்மினால் மூன்று முறை நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள்.

அத்தையின் மூன்று விதிகள்

தேவாவின் அம்மா பத்து பாகாட்டில் இருக்கிறார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். மனைவி வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும்போது புருஷன் மூன்று காரியம் செய்யக் கூடாது என்பது அவருடைய சட்டம். கடலில் குளிக்கக் கூடாது. பிணம் தூக்கக் கூடாது. முடி வெட்டிச் சவரம் செய்யக் கூடாது.

முதல் முறை நான் உண்டானபோது இருவரும் சிரித்துத் தள்ளினோம். கடலில் இறங்காமல் தேவா எப்படிச் சம்பளம் வாங்குவது? அவர் வழக்கம்போல் இறங்கினார், வழக்கம்போல் மழித்துக்கொண்டார்.

நான்காவது மாதம் அந்தக் கரு தங்கவில்லை.

டாக்டர் படம் வரைந்து விளக்கினார். யார் செய்த எதனாலும் இது நடக்கவில்லை என்றார். எனக்குப் புரிந்தது. அதே பாடத்தை நானே நடத்தியிருக்கிறேன். அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட எதிர்த்துப் பேசி ஆறியிருப்பேன்.

அதைவிட வேறொன்று என்னை வருத்தியது. எங்கள் வீட்டுக்கு யாரும் துக்கம் கேட்க வரவில்லை. பிறக்காத பிள்ளைக்குத் துக்க வீடு கிடையாது. பந்தல் இல்லை, எட்டு இல்லை, பதினாறு இல்லை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் வேலிக்கு மேலே சூப்பை நீட்டி, "அடுத்தது நல்லா பொறக்கும்மா" என்றார். நல்ல மனுஷி. ஆனால் நான் அடுத்ததைப் பற்றி அழவில்லை.

யாழினி வயிற்றில் வந்தபோது தேவா தானாகவே முதலாளியிடம் போய் மேல் வேலை கேட்டார். மேலே என்றால் படகில் இருந்தபடி கயிற்றைப் பிடித்து, காற்றையும் நேரத்தையும் கவனித்து, கீழே இருப்பவனைப் பத்திரமாகத் திரும்ப அழைக்கும் வேலை. தாடி மார்பைத் தொட்டது. கூட வேலை செய்பவர்கள், "அம்மாவுக்குப் பிரசவ லீவு, அப்பாவுக்குத் தாடி லீவு" என்று பாட்டுக் கட்டினார்கள். லிம் ஒரு சீப்பு வாங்கிப் பரிசாகவே கொடுத்தான்.

யாழினி நல்லபடியாகப் பிறந்தாள். ஆகவே அடுத்த முறையும் அதே ஏற்பாடு. இப்படி ஒரே ஒரு முறை பலித்ததை வைத்து முடிவு கட்டினால் என் மாணவர்களுக்குப் பூஜ்ஜியம்தான் போடுவேன்.

கிழட்டுக் கப்பல்

இனி கப்பலின் கதை. எனக்கு இதைச் சொன்னவர் கடலடி ஆய்வு செய்யும் விரிவுரையாளர் டாக்டர் அய்னி. எங்கள் தெப்ராவ் வீட்டு வரவேற்பறையில், யாழினியின் பொம்மைகளை ஓரம் தள்ளிவிட்டு வரைபடத்தை விரித்தார்.

அது முதல் உலகப் போருக்காகக் கட்டப்பட்ட சிறிய போர்க்கப்பல். இரண்டாவது போர் வந்தபோது அதற்கு வயதாகிவிட்டது. தகடு மெல்லியது, பீரங்கி சின்னது. காவல் சுற்றிக்கொண்டு கிடந்திருக்க வேண்டிய கப்பல்.

ஜப்பானியர்கள் இந்தக் கரையில் ஆட்களையும் தளவாடங்களையும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பதற்கு வேறு கப்பல்கள் இல்லை. ஆகவே அதையும், அதைப் போலவே வயதான இன்னொரு கப்பலையும், இருட்டில் அனுப்பினார்கள். எதிரில் இருந்தவை எண்ணிக்கையிலும் அதிகம், பலத்திலும் பெரியவை. போகிறவர்களுக்கு அது தெரியும்.

அவர்கள் விட்ட குண்டுகள் குறி தவறின. தேடுவிளக்குகள் பிடித்துக்கொண்டன. ஒரு குண்டு நேராக இயந்திர அறைக்குள் பாய்ந்தது. நீராவி பீறிட, கப்பல் நின்று, ஒரு பக்கம் சாய்ந்தது. துணைக்கப்பல் புகை எழுப்பி மறைக்கப் பார்த்து, முடியாமல் விலகிப் போக வேண்டியிருந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் குதித்தார்கள். சிலர் கரையேறிக் காட்டு வழியாகத் தெற்கே நடந்து ஜொகூர் பாரு வரை வந்து சேர்ந்தார்கள். சிலர் பிடிபட்டார்கள், அதன்பின் அவர்களைப் பற்றித் தகவலே இல்லை. இயந்திர அறையில் இருந்தவர்கள் வெளியே வரவே இல்லை.

"தோத்துப்போன கப்பல்தானே டாக்டர்?" என்று கேட்டேன். ஆசிரியைக்கே உரிய கேள்வி.

"தோத்ததுதான். ஆனா திரும்பிப் போகல," என்றார் மலாயில். தன் வீட்டு ஆட்களைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார். எனக்கு அப்போது அது கொஞ்சம் அதிகமாகத் தோன்றியது.

இரும்பு தின்னும் படகு

கம்பத்து மீனவர்கள் அந்த இடத்தைத் 'துக்குன் பெசி' என்பார்கள். துக்குன் என்றால் மீன் கூடும் பாறை, பெசி என்றால் இரும்பு. மூன்று தலைமுறையாக அவர்களுக்கு அது மீன் கிடைக்கும் இடம்.

ஒரு நாள் பளுதூக்கியோடு ஒரு தட்டைப் படகு வந்து நின்றது. பெரிய இரும்பு நகம் ஒன்றைக் கடலுக்குள் விட்டு, அள்ளி அள்ளி மேலே போட்டது. கப்பலின் வெண்கல விசிறிக்கும் பழைய இரும்புக்கும் சந்தை இருக்கிறது. போரில் இறந்தவர்களின் கல்லறை என்பதெல்லாம் நகத்துக்குத் தெரியாது. பாக் மாட் கிட்டே போய்ப் பார்த்தபோது தண்ணீரை அடித்து விரட்டினார்களாம். பிறகு அந்த இடத்தில் மீனும் இல்லை.

அணுகுண்டு சோதனைகளுக்கு முன்னால் உருக்கிய இரும்பில் கதிர்வீச்சு மிகக் குறைவு, நுட்பமான கருவிகளுக்கு அது தேவைப்படும், அதற்காகத்தான் திருடுகிறார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். டாக்டர் அய்னியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். ஆசிரியை என்பதால் என்னைச் 'சிக்கு' என்றுதான் கூப்பிடுவார். "இல்ல சிக்கு, சும்மா பழைய இரும்புதான். எடை போட்டு விக்கறாங்க."

சும்மா பழைய இரும்பு. அந்தச் சொல் எனக்கு வலித்தது.

கப்பலில் இன்னும் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று படம் எடுத்துக் காட்டினால், அதிகாரிகள் அந்த இடத்தைக் காவலுக்குள் கொண்டு வருவார்கள். காட்டாவிட்டால், மழைக்காலம் முடிந்ததும் தட்டைப் படகு திரும்பி வந்து மிச்சத்தையும் அள்ளிவிடும். பெயரை நான் எழுதாததற்கு இதுதான் காரணம். இதைப் படிக்கிறவர்களில் எடை போடுகிறவர் யாரும் இருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும்.

டாக்டர் அய்னி எங்களிடம் ஆள் தேடி வந்தது அந்தப் படத்துக்காகத்தான். தேவா மேல் வேலைக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். கயிறு பிடிப்பது கடலில் குளிப்பது ஆகாது. அத்தையிடம், "மெர்சிங்குக்கு லீவுக்குப் போறோம்" என்று சொன்னேன். பள்ளி விடுமுறை என்பதால் அது முழுப் பொய்யும் இல்லை. இருந்தாலும் மெர்சிங் வரும்வரை அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன்.

திறந்த அலையில் ஒரு குடும்பப் பேச்சு

மறுபடி வாக்கிக்கு வருகிறேன்.

பொத்தானை அமுக்கினேன். நாளைக்கு இறங்கக் கூடாதா என்று கேட்டேன். நாளைக்குக் காற்று மாறிவிடும், பாக் மாட் வர மாட்டேன் என்கிறார், இந்த வருஷத்துக்கு இதுதான் கடைசி அமைதி என்றார். படகில் இருக்கும் டாக்டர் அய்னி இறங்கலாமே என்றேன். அவருக்கு அந்த ஆழத்துக்கு அனுமதி இல்லை என்றார். பாதுகாப்பா என்றேன். நீரோட்டம் இருக்கிறது, வெடிக்காத குண்டு கிடக்கலாம், எதையும் தொட மாட்டோம் என்றார். அவர் என்னிடம் எதையும் குறைத்துச் சொல்கிறவர் இல்லை. சில நேரம் குறைத்துச் சொல்லலாம் என்று தோன்றும்.

"நான் வேணாம்னு சொன்னா?"

"திரும்பி வந்துடுவோம். யாரும் உன்னை ஒன்னும் சொல்ல மாட்டாங்க. நான் சொல்ல விட மாட்டேன்."

பக்கத்தில் அடுப்பில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்த மாக் சூ தலையைத் தூக்காமல் சொன்னார்: "தாயி, சட்டுனு பதில் சொல்லு லா. கடல்ல நிக்கிறவங்களைக் காக்க வைக்கக் கூடாது."

நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். தமிழ். அதுவும் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்.

"எங்கப்பா குளுவாங் எஸ்டேட்ல லோரி ஓட்டுனாரு. நான் லயத்துப் பிள்ளைங்களோடதான் வெளையாடுனேன். காலையில நீங்க ரெண்டு பேரும் அத்தையைப் பத்திப் பேசுனது பூரா கேட்டுச்சு," என்றார். பிறகு என் வயிற்றைக் கரண்டியால் சுட்டிக் காட்டி, "நானும் ஏழு சுமந்தேன். எல்லாத்துக்கும் அவரு கடல்லதான் இருந்தாரு. ஆறு நல்லா இருக்கு," என்றார்.

ஏழாவதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவர் மறுபடி மீனைத் திருப்பினார்.

உண்மையைச் சொன்னால், மாக் சூ என்னைத் துணிய வைக்கவில்லை. ஏழில் ஆறு என்பது எனக்கு ஆறுதல் தரும் கணக்கும் இல்லை. ஆனால் அந்த ஏழாவதற்கு இந்தக் கடையில் யாராவது வந்து உட்கார்ந்தார்களா என்று நினைத்தேன். அப்புறம் இயந்திர அறை ஆட்களை நினைத்தேன். என் பள்ளியில் கடைசி ஆண்டு படிக்கும் பையன்களைவிடச் சிலருக்கு இரண்டொரு வயதுதான் கூட இருந்திருக்கும். அவர்களுடைய அம்மாக்களுக்கு ஒரு தந்தி வந்திருக்கும். வேலிக்கு மேலே சூப் வந்திருக்கும். மகன் கிடக்கும் இடத்துக்கு வந்து யாரும் நின்றதில்லை. வந்தது அந்த நகம் மட்டும்தான்.

பொத்தானை அமுக்கினேன்.

"எறங்குங்க. யாராச்சும் போய்ப் பாக்கணும்ல."

வாக்கி மறுபடி கரகரத்தது.

"நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தான். மறுபடி கேக்காதீங்க, மாத்திடுவேன்."

கடலில் யாரோ சிரித்தது கேட்டது. லிம்மாக இருக்க வேண்டும்.

காத்திருந்தது

அவர்கள் கீழே இருந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கடிகாரத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டேன். மாக் சூ எனக்குச் சோறு போட்டார், நான் பிசைந்துகொண்டே இருந்தேன். இப்போதே திரும்பக் கூப்பிட முடியுமா என்று கேட்டேன். "தண்ணிக்குள்ள வாக்கி இல்ல தாயி," என்றார். வயிற்றில் ஓர் உதை விழுந்தது. சாதாரணமான உதைதானா என்று யோசித்தேன். இன்னொன்று விழுந்தது. அதையும் யோசித்தேன்.

கடைசியில் பாக் மாட்டின் குரல் மலாயில் வந்தது. "ரெண்டு பேரும் மேலே. ரெண்டு பேருக்கும் பசி."

மாக் சூ எழுந்து அடுத்த மீனைச் சட்டியில் போட்டார்.

அதற்குப் பிறகு

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேவாவும் லிம்மும் எடுத்த படம் டாக்டர் அய்னி மூலம் போக வேண்டிய மேசைக்குப் போனது. காவல் படகு இப்போது அந்தப் பக்கம் சுற்றுகிறது. மழைக்காலம் முடிந்து வந்த தட்டைப் படகு, நங்கூரம் போடாமலேயே போய்விட்டதாகப் பாக் மாட் சொன்னார். மீன் இன்னும் பழைய மாதிரி திரும்பவில்லை, ஒன்றிரண்டு வருகிறது என்றார்.

அத்தை இதையெல்லாம் தொலைக்காட்சிச் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். முகமூடி போட்ட இரண்டு பேரில், முகமூடிக்குள் தண்ணீர் புகாமலிருக்க மீசையில் வாஸ்லின் அப்பி, தாடி தண்ணீரில் பாசிபோல் ஆடிய ஒருவரை அடையாளம் கண்டுபிடிப்பதில் பெற்ற தாய்க்குச் சிரமம் இல்லை. உடனே போன் வந்தது.

"லீவுக்குப் போனீங்களா?" என்றார்.

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"பக்கத்து வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுனேன். மூஞ்சி எங்க தெரியுது? தாடிதான் தெரியுது. ஷேவ் பண்ணியிருந்தா யாருன்னு எப்படிச் சொல்றது?" என்றார். பிறகு, "நீ ஒழுங்கா சாப்பிடுறியா?" என்றார். அவ்வளவுதான்.

மகன் பிறந்து இப்போது தவழ்கிறான். இதை எழுதும்போது என் காலைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கிறான். நல்ல ஆரோக்கியம். அதுவும் எதையும் நிரூபிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று அவன் அப்பா எங்கே போனார் என்று அவன் கேட்கும் வயதில், தலையை நிமிர்த்திக்கொண்டு பதில் சொல்லப் போகிறேன்.

படகுத்துறையில்

முக்குளித்த அன்று சாயங்காலம் படகு வந்து அணைந்தது. தேவா ஏறி வந்தார். கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் மாக் சூவின் தண்ணீர்க் குழாயில் வாளியை நிரப்பிக்கொண்டு நின்றேன்.

தீட்டு என்று பயந்து அல்ல. இழவு வீட்டிலிருந்து வருகிறவர் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். அவர் போய்விட்டு வந்தது இழவு வீடு. எண்பது ஆண்டுக்கு மேலாக யாரும் துக்கம் கேட்காத வீடு. அதற்குரிய மரியாதையை நான் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

தேவா குழாயடியில் குந்தினார். நான் தலையில் ஊற்றினேன். தாடி வழியாகத் தண்ணீர் இறங்கியது. யாழினி ஓடி வந்து தானும் ஒரு குவளை ஊற்றினாள், பாதி லிம்மின் காலில் விழுந்தது.

"என்ஜின் ரூம் இல்ல மீனா," என்றார் மெதுவாக. "அப்படியே அள்ளிட்டாங்க. வெறும் மணல்தான். ஆனா பின்பக்கம் இருக்கு. ஒரு கதவு. சாத்துனது சாத்துனபடி இருக்கு. உள்ள யாரு இருக்காங்களோ, அவங்களை இன்னும் யாரும் தொடல."

"நீங்க?"

"கிட்ட போய் நின்னோம். வெளக்கை அணைச்சுட்டுக் கொஞ்ச நேரம் நின்னோம். அவ்வளவுதான்."

லிம்முக்கு ஒரு பழக்கம் உண்டு. மூழ்கிய கப்பல் எதையும் விட்டு மேலே ஏறும்போது கை அசைத்துவிட்டு வருவான். அன்றும் கையைத் தூக்கியிருக்கிறான். தேவா அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாராம். படகில் ஏறிய பிறகு, சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்று விளக்கினாராம். லிம்முக்குக் கொஞ்சம் கோபம்.

"எங்க சீன ஆளுங்களுக்கும் அப்படித்தான் லா," என்றான் மலாயில் என்னைப் பார்த்து, காலைத் துடைத்துக்கொண்டே. "எனக்குத் தெரியும். அது சாவு வீடுன்னு அவர் பிடிச்சப்பத்தான் எனக்குத் தோணுச்சு. அதான் கையை எறக்கிட்டேன்."

"அப்ப சொல்லிக்காமத்தான் வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லிக்காமத்தான்," என்றார் தேவா.

நான் அடுத்த வாளியை ஊற்றினேன்.